போத்வேனின் மனசாட்சி – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருச்சபையில் புனிதர் பட்டம் வழங்கப்படும் முறையைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் பெல்ஜிய அரசர் போத்வேனின் பெயரை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் எங்கள் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். 2024 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் பிரஸ்ஸல்ஸ் சென்று அவருடைய கல்லறையில் செபித்ததிலிருந்தும், அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் அளிப்பதற்கான பணிகளைத் தொடங்கப்போவதாக அறிவித்ததிலிருந்தும் அவரைப் பற்றிப் படித்து வருகிறேன். கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட மறுத்து அரியணையை விட்டே இறங்கியவர் என்றுதான் எங்கள் வட்டத்தில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். நானும் என் வகுப்பில் அப்படியே சொன்னேன். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், கொங்கோவின் பிரதமர் லுமும்பாவைக் கொல்லப்போகிறார்கள் என்று தெரிந்தும் வாய் திறக்காதவர்தானே அவர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபின் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. இரண்டு நாள் இறங்கி மறுபடி ஏறிக்கொண்டது வெறும் நாடகம் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவருடைய பக்தி உண்மையானதா? அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணுக்கு நான் என்ன சொல்வது?

அமலா

அன்புள்ள அமலா,

உங்கள் மாணவி கேட்டது சரியான கேள்வி. அதைக் கேட்டதற்காக அவளைப் பாராட்டுங்கள் என்பதையே முதலில் சொல்வேன். ஒரு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய மனிதர் அல்லர் போத்வேன். என் கட்டுரையில் அப்படிச் செய்தது பிழை. அதற்கு ஈடாகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அவருடைய பக்தி உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் வெளிவேடக்காரராக இருந்திருந்தால் உங்கள் குழப்பம் எளிதாகத் தீர்ந்திருக்கும். ஒரு போலியை அடையாளம் கண்டுவிட்ட நிம்மதியோடு நாம் வேறு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். நாள்தோறும் திருப்பலியில் பங்கேற்ற ஒருவர், தன்னைத் தேடி வருகிற மனிதர்களுக்காகச் செபித்த ஒருவர், இன்னொரு மனிதனின் உயிருக்கு ஆபத்து என்று சொன்ன கடிதத்தைத் தன் அரண்மனைக்குள்ளேயே தங்க விட்டார் என்பதுதான் இங்கே மனத்தை வருத்துகிறது.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு அவர் போத்வேன்; டச்சு பேசும் ஃபிளெமிஷ் மக்களுக்கு பவ்தவெய்ன். மொழியால் இரண்டாகப் பிரிந்து, பள்ளிக்கூடம் முதல் பல்கலைக்கழகம் வரை எல்லாவற்றுக்கும் சண்டையிட்டுக்கொண்டிருந்த நாட்டில், இரு தரப்புக்கும் பொதுவாக எஞ்சியவற்றில் அரச பதவி ஒன்று. அந்தப் பதவிக்கு அவர் விரும்பி வரவில்லை. 1930 செப்டம்பர் 7 அன்று பிறந்த அவருக்கு ஐந்து வயது நிறைய ஒன்பது நாட்களே இருந்தபோது தாய் ஆஸ்திரிட் சுவிட்சர்லாந்தில் கார் விபத்தில் இறந்தார். சுவீடனிலிருந்து வந்தவர் அவர். லூத்தரன் சபையில் பிறந்து, திருமணத்துக்குச் சில ஆண்டுகள் கழித்துக் கத்தோலிக்கரானவர். பெல்ஜிய மக்கள் மிகவும் நேசித்த அரசி. அந்தக் காரை ஓட்டிச் சென்றவர் தந்தை மூன்றாம் லியோபோல்ட்.

தந்தையின் கதையைச் சொல்லாமல் மகனின் கதையைச் சொல்ல முடியாது. 1940 மே மாதம் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தபோது, நாட்டை விட்டு வெளியேறிப் போரைத் தொடரவேண்டும் என்று அமைச்சர்கள் லியோபோல்ட்டை வற்புறுத்தினார்கள். படைக்குத் தலைமை தாங்கும் தான் வீரர்களைக் கைவிட்டுப் போவது முறையல்ல என்று கருதிய அவர் நாட்டிலேயே தங்கி, மே 28 அன்று சரணடைந்தார். அதுவும் ஒரு மனசாட்சியின் முடிவுதான். ஆனால் அமைச்சர்களைக் கலந்து எடுத்த முடிவு அல்ல. அவர்கள் சொல்லை மீறி எடுத்த முடிவு. எதிரியின் பிடிக்குள் இருக்கும் அரசர் ஆட்சி செய்ய இயலாத நிலையில் இருக்கிறார் என்று அமைச்சரவை அறிவித்தது. அரசியல் சட்டத்தின் 82-ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுத்தது. இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 50 ஆண்டுகள் கழித்து மகனுக்காக அதே பிரிவை மறுபடி எடுக்கப்போகிறார்கள்.

போர் முடிந்தபின் லியோபோல்ட் நாடு திரும்பலாமா கூடாதா என்று பெல்ஜியம் பிளந்து நின்றது. 1950 மார்ச் மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் 57.68 விழுக்காட்டினர் அவர் திரும்பி வரலாம் என்றார்கள். ஆனால் அந்தப் பெரும்பான்மை ஃபிளெமிஷ் பகுதியில் இருந்தது. பிரெஞ்சு பேசும் வல்லோனியாவில் பாதிக்கு மேற்பட்டோர் கூடாது என்றே வாக்களித்திருந்தார்கள். ஜூலையில் அவர் திரும்பிய சில நாட்களில் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. லியேஜ் நகருக்கு அருகே காவல்படை சுட்டதில் நால்வர் இறந்தார்கள். உள்நாட்டுப் போரின் விளிம்பில், அதிகாரத்தை மகனுக்கு விட்டுக்கொடுக்க லியோபோல்ட் இசைந்தார். ஆகஸ்ட் 11 அன்று போத்வேன் நாடாளுமன்றத்தில் உறுதிமொழி எடுத்தபோது கம்யூனிஸ்ட் உறுப்பினர்களின் இருக்கைகளிலிருந்து "குடியரசு வாழ்க" என்று குரல் எழுந்தது. ஒரு வாரத்தில் அக்கட்சியின் தலைவர் ஜூலியன் லாவோ தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஜூலை 17 அன்று போத்வேன் முறைப்படி அரசரானார். அப்போது அவருக்கு 20 வயது. கண்ணாடி அணிந்த, ஒல்லியான, புன்னகை காணாத அந்த இளைஞரைச் 'சோகமான அரசர்' என்று எழுதினார்கள். தாயை விபத்திலும் தந்தையின் பதவியைத் தெருச் சண்டையிலும் இழந்தவர் வேறு எப்படி இருந்திருப்பார்!

செபத்துக்குள் அவர் சென்றது அந்தத் தனிமையின் வழியாகத்தான். ஒரு கட்டத்தில் அரச பதவியை விட்டுவிட்டுத் துறவு மடத்துக்குப் போய்விடுவார் என்றுகூட மக்கள் பேசிக்கொண்டார்கள். அவருக்கு ஆன்ம துணையாக வாய்த்தவர் பின்னாளில் கர்தினாலாகி இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் பெரும்பங்காற்றிய லியோ சுவேனன்ஸ். 1960-இல் அரசரின் திருமணத்துக்காக, மரியாயின் சேனை என்ற கத்தோலிக்க இயக்கத்தைச் சேர்ந்த வெரோனிக்கா ஓ'பிரையன் என்ற அயர்லாந்துப் பெண்மணியைச் சுவேனன்ஸ் ஸ்பெயினுக்கு அனுப்பினார். அங்கே அவர் கண்டடைந்தவர்தான் பபியோலா. மாட்ரிட் நகரின் உயர்குடிப் பெண். செவிலியர் பயிற்சி பெற்றவர். இருவரும் யாருக்கும் தெரியாமல் லூர்து நகரில் சந்தித்து, அங்கே மாதாவின் திருத்தலத்தில் தங்கள் முடிவை எடுத்தார்கள். அரசர்களின் திருமணங்கள் எப்படியெல்லாம் பேசி முடிக்கப்படுகின்றன என்பதை வரலாற்றில் படித்திருக்கிறோம். அவற்றோடு ஒப்பிட்டால் இது நம் ஊர்ப் பக்தர்கள் வேளாங்கண்ணிக்குப் போய் வேண்டிக்கொண்டு வரன் முடிப்பதற்கு நெருக்கமானது.

அவர்களுக்குக் குழந்தை நிலைக்கவில்லை. பபியோலா ஐந்து முறை கருவுற்று ஐந்து முறையும் இழந்தார். பல்லாண்டு கழித்து, 2008-இல், தன் வாயாலேயே அதைச் சொன்னார். போத்வேனும் ஒருமுறை குழந்தைகளுக்கான விழாவொன்றில், இந்தத் துயரத்தின் பொருள் என்ன என்று நெடுங்காலம் தங்களையே கேட்டுக்கொண்டதாகவும், எல்லாக் குழந்தைகளையும் நேசிப்பதற்குத் தங்கள் மனம் விடுதலை பெற்றிருக்கிறது என்பதை மெல்ல மெல்ல உணர்ந்ததாகவும் பேசினார். 1990-இல் அவர் கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட மறுத்ததைப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடக்கூடாது. கரு என்ற சொல் அவருக்கு இறையியல் நூலிலிருந்து வந்த சொல் அல்ல.

இனி உங்கள் மாணவியின் கேள்விக்கு வருகிறேன்.

1960 ஜூன் 29, பெல்ஜியத்தின் காலனியாக இருந்த கொங்கோவின் தலைநகர் லியோபோல்ட்வில். மறுநாள் விடுதலை. வெள்ளைச் சீருடையில், திறந்த காரில், கொங்கோவின் புதிய தலைவர் கசவுபுவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போத்வேன் வருகிறார். கூட்டத்திலிருந்து கோட்டும் டையும் அணிந்த ஒருவர் காரை ஒட்டி ஓடிவந்து அரசரின் வாளை உருவிக்கொண்டு ஓடுகிறார். ராபர்ட் லெபெக் என்ற ஜெர்மானியப் புகைப்படக்காரர் அந்தக் கணத்தைப் படம்பிடித்திருக்கிறார். வாள் உயர்ந்து நிற்கிறது. ஓடுகிறவரின் முகத்தில் வெறியும் மகிழ்ச்சியும். பின்னால் காரில் நிற்கும் அரசருக்கு வாள் போனதுகூட இன்னும் தெரியவில்லை, முன்னால் பார்த்தபடியே இருக்கிறார்.

மறுநாள் விடுதலை விழாவில் அவர் ஆற்றிய உரையும் அப்படித்தான் இருந்தது. கொங்கோவின் விடுதலை, இரண்டாம் லியோபோல்டின் மேதைமை தொடங்கிவைத்த பணியின் நிறைவு என்றார். அந்த லியோபோல்ட் இவருடைய தாத்தாவின் பெரியப்பா. 1885 முதல் 1908 வரை கொங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்து, ரப்பருக்காக மக்களைக் கொத்தடிமைகளாக்கியவர். வெட்டப்பட்ட கைகளின் புகைப்படங்கள் அவர் வாழ்நாளிலேயே உலகெங்கும் பரவியிருந்தன. அந்த மண்ணில், அந்த மக்களின் முகத்துக்கு நேரே, அந்தப் பெயரைப் புகழ்ந்து பேசினார் 29 வயது பக்திமான். நிகழ்ச்சி நிரலில் பெயர் இல்லாத பிரதமர் பத்ரீஸ் லுமும்பா எழுந்து, காலையும் நண்பகலும் மாலையும் தாங்கள் பட்ட அடிகளையும் அவமானங்களையும் எண்ணிச் சொன்னார். போத்வேன் அதைத் தன்மீதும் தன் குடும்பத்தின்மீதும் வீசப்பட்ட இழிவாகவே எடுத்துக்கொண்டார்; விழாவிலிருந்து எழுந்து போய்விட இருந்தவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைக்க வேண்டியிருந்தது.

இதற்குப்பின் நடந்தவற்றை நாட்காட்டியை வைத்துக்கொண்டு படியுங்கள். ஜூலை 11 அன்று கனிமவளம் மிக்க கட்டாங்கா மாகாணம் பெல்ஜியத்தின் துணையோடு பிரிந்துபோகிறது. செப்டம்பர் தொடக்கத்தில் லுமும்பா பதவியிலிருந்து நீக்கப்படுகிறார். அதே செப்டம்பரின் நடுவில் பிரஸ்ஸல்ஸில் அரசரின் திருமண நிச்சயம் அறிவிக்கப்படுகிறது. அக்டோபரில், கட்டாங்காவின் தலைவர் சோம்பேக்கு ஆலோசகராக இருந்த வெபர் என்ற பெல்ஜிய ராணுவ அதிகாரியிடமிருந்து அரண்மனைக்குக் கடிதம் வருகிறது. கொங்கோவின் படைத்தலைவர் மொபுட்டுவும் சோம்பேயும் பேசி முடித்திருப்பதாகவும், லுமும்பாவை முற்றிலும் செயலற்றவராக்குவது, முடிந்தால் உடலளவிலேயே அதைச் செய்வது என்பது அந்தப் பேச்சின் ஒரு பகுதி என்றும் அக்கடிதம் சொல்கிறது. டிசம்பர் தொடக்கத்தில் லுமும்பா பிடிபடுகிறார். டிசம்பர் 15 அன்று அரசருக்கும் பபியோலாவுக்கும் பிரஸ்ஸல்ஸ் பேராலயத்தில் திருமணம். 1961 ஜனவரி 17 அன்று லுமும்பாவை விமானத்தில் கட்டாங்காவுக்குக் கொண்டுபோகிறார்கள், வழியெல்லாம் அடிக்கிறார்கள், அன்றிரவே தோழர்கள் இருவரோடு சேர்த்துச் சுட்டுக் கொல்கிறார்கள். பின்னர் பெல்ஜியக் காவல் அதிகாரி ஒருவர் உடல்களை அமிலத்தில் கரைத்தார். எஞ்சிய ஒரே ஒரு பல் 2022 ஜூன் மாதம்தான் குடும்பத்தாரின் கைக்கு வந்தது.

பெல்ஜிய நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2001-இல் தன் முடிவைச் சொன்னது. பெல்ஜிய அமைச்சர்கள் சிலருக்கும் வேறு சிலருக்கும் லுமும்பாவின் சாவில் தார்மீகப் பொறுப்பு உண்டு என்றது. அவர் உயிருக்கு வந்த ஆபத்தைக் காட்டும் செய்தி அரசருக்குக் கிடைத்திருந்தும் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதையும் அது பதிவு செய்தது. அரசர் கொல்லச் சொன்னார் என்று யாரும் காட்டவில்லை. அப்படிச் சொல்வது அநீதி. உங்கள் மாணவி சொன்னதுதான் சான்றுகள் சொல்வதும்: தெரிந்திருந்தது, பேசவில்லை.

அவருடைய வாழ்க்கையின் இரு பக்கங்களையும் வேறு வேறு காலங்களாக ஒதுக்கிவிடலாம் என்று நான் ஒரு காலத்தில் நினைத்தேன். இளம் வயதில் தவறினார், பிறகு பக்குவப்பட்டார் என்பது வசதியான கதை. நாட்காட்டி அந்த வசதியைத் தரவில்லை. லூர்து நகரில் முழந்தாளிட்டதும், கடவுளின் கை தன் வாழ்க்கையை நடத்துகிறது என்று நெஞ்சு நிறைந்ததும், மணவாட்டிக்காகக் காத்திருந்ததும், அந்தக் கடிதம் வந்ததும் எல்லாம் அதே ஐந்தாறு மாதங்களுக்குள். தன் ஆன்ம வாழ்வின் மிக ஒளிமிக்க நாட்களில் அவருக்கு லுமும்பா ஒரு மனிதராகத் தெரியவில்லை. குடும்பத்தை அவமதித்தவராக, திருச்சபைக்கும் ஒழுங்குக்கும் எதிரியாகத் தெரிந்தார். பக்தி பார்வையைத் தானாகவே திருத்திவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். தன் குடும்பத்தின் பெயரைப் பற்றி அவர் கேட்டு வளர்ந்த கதையை அவர் செபத்துக்குள் கொண்டுபோகவே இல்லை என்று தோன்றுகிறது. கொண்டுபோகாத ஒன்றைச் செபம் எப்படித் தொடும்?

இப்போது 1990. உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும். அவர் அரியணையை விட்டு இறங்கவில்லை. நடந்தது இதுதான். பெல்ஜியத்தில் கருக்கலைப்பு 1867 முதல் குற்றம். 1973-இல் வில்லி பியர்ஸ் என்ற மருத்துவர் அதற்காகக் கைதானபோது நாடே கொந்தளித்தது. அதன்பின் 17 ஆண்டுகள் வாதம் நடந்தது. சோஷலிஸ்ட் கட்சியின் ரோஜே லல்மான், லிபரல் கட்சியின் லூசியன் மிஷில்சன்ஸ் என்ற இரு செனட்டர்கள் கொண்டுவந்த சட்ட முன்வரைவை 1990 மார்ச் 29 அன்று கீழவையும் நிறைவேற்றியது. இனி அரசரின் கையெழுத்துதான் பாக்கி. அந்நாட்டில் அது சடங்கு. எந்த அரசரும் அதை மறுத்துவிடலாம் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

மறுநாளே பிரதமர் வில்பிரட் மார்ட்டென்ஸுக்கு அரசர் கடிதம் எழுதினார். அந்தச் சட்டம் மிகவும் பலவீனமான உயிர்களுக்குரிய மதிப்பைக் குறைத்துவிடும் என்று அஞ்சுவதாகவும், கையெழுத்திட்டால் அதற்குத் தானும் ஒருவிதத்தில் பொறுப்பாளியாகிவிடுவதாகவும் சொன்னார். மனசாட்சியின் சுதந்திரம் அரசரைத் தவிர மற்ற எல்லோருக்கும் மட்டும்தானா என்று கேட்டார். அதே கடிதத்தில், மக்களாட்சி தன் வழியில் நடப்பதைத் தான் தடுக்க விரும்பவில்லை என்றும், தன் மனசாட்சியும் நாடாளுமன்றத்தின் முடிவும் இரண்டும் காக்கப்படும்படி சட்டப்படியான ஒரு வழியைக் கண்டுபிடித்துத் தரும்படியும் கேட்டுக்கொண்டார். வழி கண்டுபிடிக்கப்பட்டது. தந்தைக்காக 1940-இல் எடுக்கப்பட்ட அதே 82-ஆம் பிரிவு. அரசர் ஆட்சி செய்ய இயலாத நிலையில் இருக்கிறார் என்று அமைச்சரவை அறிவித்தது. அரசரின் அதிகாரம் அமைச்சர்கள் கைக்கு வந்தது. ஏப்ரல் 3 அன்று அவர்கள் எல்லோரும் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார்கள். ஏப்ரல் 5 அன்று இரு அவைகளும் கூடி, இயலாத நிலை முடிந்தது என்று தீர்மானித்தன. ஆதரவாக 245 வாக்குகள், எதிர்த்து ஒன்றுமில்லை, 93 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள்.

இது நாடகம் என்று எழுதுகிறவர்கள் கடைசி எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். மார்ச் 30 அன்று அந்தக் கடிதத்தை எழுதியபோது முடிவு இப்படி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அரசர் தன் சொந்தக் கருத்தால் நாடாளுமன்றத்தின் குறுக்கே நின்றால் என்ன ஆகும் என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. 19 வயதில் நேரில் கண்டிருந்தார். தந்தையின் பிடிவாதத்தால் மக்கள் தெருவில் செத்ததைப் பார்த்தவர் பதவியைப் பணயம் வைத்தே எழுதினார். தந்தையிடமிருந்து அவர் கற்றுக்கொண்டதும் இங்கே தெரிகிறது. லியோபோல்ட் அமைச்சர்களை மீறித் தன் வழியில் போனார். போத்வேன் அமைச்சர்களிடம் போய், இது என் மனசாட்சி, உங்கள் கடமையை நீங்கள் செய்யுங்கள், இரண்டுக்கும் இடம் கண்டுபிடியுங்கள் என்று கேட்டார். சட்டம் ஒரு நாள்கூடத் தாமதமாகாமல் நடைமுறைக்கு வந்ததற்கு அந்த அடக்கமும் காரணம்.

ஆனால் இதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியினர் அமைச்சரவையில் இருந்தார்கள். மார்ட்டென்ஸே அந்தக் கட்சிக்காரர்தான், கத்தோலிக்கர். அரசரின் கையில் படாத மை அவர்களுடைய கைகளில் பட்டது. ஒருவருடைய மனசாட்சி காப்பாற்றப்படும்போது அந்தச் சுமையை வேறு யாரோ தூக்க வேண்டியிருக்கிறது. மார்ட்டென்ஸ் அதைத் தூக்கினார். அவர் கல்லறைக்கு எந்தத் திருத்தந்தையும் போகப்போவதில்லை. உங்கள் வகுப்பில் போத்வேனைப் பற்றிச் சொல்லும்போது இந்த மனிதரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டத்துக்காகப் போராடிய பெண்களும் மனசாட்சி இல்லாதவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்வது நேர்மை.

இப்போது இரண்டு கடிதங்களையும் அருகருகே வையுங்கள். 1960 அக்டோபரில் வந்த கடிதத்தை அரண்மனை தனக்குள் வைத்துக்கொண்டது. அமைச்சர்கள் அறியாமல், அரசியல் சட்டம் தராத ஓர் அதிகாரத்தை, கொங்கோ எங்கள் விஷயம் என்ற உரிமையில், அரண்மனை எடுத்துக்கொண்டது. 1990 மார்ச்சில் எழுதிய கடிதம் பிரதமரின் மேசைக்குப் போனது. சில நாட்களில் நாடே அதைப் படித்தது. இரண்டு முறையும் அரசர் தன் அரசியல் சட்டப் பாத்திரத்துக்கு வெளியே கால் வைத்தார். முதல் முறை மறைவில். இரண்டாம் முறை எல்லோரும் பார்க்க, அனுமதி கேட்டு, விலை கொடுக்கத் தயாராக. 1990-இல் கண்ட மனிதரை நான் மதிக்கிறேன். 1960-இல் கண்டவருக்காக எனக்குச் சாக்குச் சொல்லத் தெரியவில்லை. 1990-ஐ வைத்து 1960-ஐ மறைக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

இடைப்பட்ட 30 ஆண்டுகளில் அவருக்குள் ஏதோ மாறியது என்று நம்ப எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1992-இல் ஆன்ட்வெர்ப் நகரில், வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றி அழைத்துவரப்பட்டுப் பாலியல் தொழிலுக்குள் தள்ளப்பட்ட வெளிநாட்டுப் பெண்களுக்கு அடைக்கலம் தந்த ஒரு சிறிய இல்லத்துக்கு அவர் போனார். அந்தப் பெண்களுடன் உட்கார்ந்து அவர்கள் சொன்னதைக் கேட்டார். மறு ஆண்டு, 1993 ஜூலை 31 அன்று, ஸ்பெயின் நாட்டு மோட்ரில் நகரில் விடுமுறையில் இருந்தபோது இதயம் நின்று இறந்தார், 62 வயது. ஆகஸ்ட் 7 அன்று பிரஸ்ஸல்ஸ் பேராலயத்தில் அடக்கத் திருப்பலி. பபியோலா கறுப்பு அணியவில்லை. வெள்ளை ஆடையில் வந்தார், உயிர்ப்பை நம்புகிறவரின் உடையாக. எலிசபெத் அரசியும் ஜப்பானியப் பேரரசரும் அமர்ந்திருந்த அந்தப் பேராலயத்தில், அப்படி விற்கப்பட்ட பெண்களில் ஒருவர், பிலிப்பைன்ஸ் நாட்டவர், எழுந்து நின்று இறந்த அரசர் தங்களுக்குச் செவிகொடுத்ததைப் பற்றிப் பேசினார். உலகில் வேறெந்த அரசரின் அடக்கத்திலும் அப்படி ஒரு குரல் ஒலித்ததாக நான் படித்ததில்லை.

எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை முழு மனிதராகக் காணும் கொடை அவருக்கு இருந்தது. அவரைச் சந்தித்தவர்கள் பலரும் அதையே சொல்கிறார்கள்: அவர் கேட்பார், குறுக்கே பேசமாட்டார், கேட்டதை மறக்கமாட்டார். அந்தப் பிலிப்பைன்ஸ் பெண் எதிரில் உட்கார்ந்திருந்தாள். லுமும்பாவும் ஒரு நாள் எதிரில் நின்று பேசினார். ஆனால் அன்று அரசர் கேட்கும் நிலையில் இல்லை. கொங்கோவைப் பற்றி அவர் பிற்காலத்தில் பொதுவெளியில் வருத்தம் தெரிவிக்கவில்லை. லுமும்பாவின் சாவுக்காக பெல்ஜிய அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2002-இல். காலனி ஆட்சியின் கொடுமைகளுக்காகத் தன் ஆழ்ந்த வருத்தத்தை அரசர் பிலிப், போத்வேனின் தம்பி மகன், எழுத்தில் தெரிவித்தது 2020 ஜூன் 30 அன்று. கொங்கோவின் விடுதலை நாளிலிருந்து சரியாக 60 ஆண்டுகள்.

அருளாளர் பட்டம் கிடைக்குமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை என்றாலும் கடிதத்தின் அடியில் அந்தக் கேள்வி இருக்கிறது. 2024 டிசம்பரில் வத்திக்கான் அதற்கான வரலாற்று ஆய்வுக் குழுவை அமைத்திருக்கிறது. என் விருப்பம், அந்தக் குழு 1990-இன் காகிதங்களிலிருந்து அல்ல, 1960-இன் காகிதங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பது. திருத்தந்தை பிரான்சிஸ் பிரஸ்ஸல்ஸின் லாக்கன் கல்லறையில் அவருடைய துணிவைப் புகழ்ந்தபோது கருக்கலைப்புச் சட்டத்தைக் கொலைச் சட்டம் என்றார். பெல்ஜியத்தில் அந்தச் சொல் பெரும் கோபத்தை எழுப்பியது. அந்தக் கோபத்தில் கொங்கோ மறுபடியும் பின்னுக்குப் போனது. கொங்கோவில் செபமாலை உருட்டும் கத்தோலிக்கர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். பெல்ஜியத்தின் கோயில்களைவிட அவர்களுடைய கோயில்கள்தான் இன்று நிரம்பி வழிகின்றன. போத்வேன் அருளாளரா என்பதில் அவர்களையும் கேட்கவேண்டும்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணிடம், நீ சொன்னது உண்மை என்று முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு இரண்டு படங்களைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் காரில் நின்று முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர், அவருடைய வாள் கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இன்னொன்றில் வெள்ளை ஆடையில் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்துவரும் பபியோலா. முதல் படத்தில் இருப்பவர் அப்போது மணமாகாதவர், பபியோலாவுக்காகச் செபித்துக்கொண்டிருந்தவர் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். வகுப்பில் என்ன பேசினார்கள் என்பதை நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். அந்த மாணவியே எழுதினாலும் மகிழ்வேன்.

அன்புடன்.